மணிக்கு வந்த அமெரிக்க வேலி

போன மே மாசம் டல்லாஸ் மாமா லீவுக்கு வந்திருந்தார். எல்லாருக்கும் சாக்லேட், சென்ட், டீ-ஷர்ட். மணிக்கும் ஒரு பெட்டி! (மணி எங்க வீட்டு நாய். பாலக்கரையில நாய்க்கு வேற என்ன பேரு வைப்பாங்க?) பிரிச்சுப் பார்த்தா 150 மீட்டர் ஒயர் ஒரு சுருள், இன்வெர்ட்டர் குட்டி போட்ட மாதிரி ஒரு டப்பா, ரெண்டு உலோக முள் துருத்திக்கிட்டு நிக்கிற கழுத்துப்பட்டை, அப்புறம் ஐம்பது குட்டி வெள்ளைக் கொடி. கொடியைப் பார்த்ததும் ஏதோ சண்டை முடிஞ்சு சமாதானம் பேச வந்த மாதிரி இருந்தது :)

"கண்ணுக்குத் தெரியாத வேலி மாப்ள. ஒயரை மண்ணுக்குள்ள புதைச்சிட்டா போதும், நாய் அதைத் தாண்டாது" என்றார் மாமா.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டார். "கரண்டு வேலியா மச்சான்? வேணவே வேணாம். பேப்பர்ல படிக்கிறது போதாதா?"

அப்பா பயந்தது நியாயம்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போயின. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே வருஷம்தான் மின்வேலி போடுவதற்குப் பதிவு வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதியே வந்தது. நம்ம ஊரில் மின்வேலி என்று சொன்னாலே கூடவே ஒரு சாவு ஞாபகம் வந்துவிடும்.

ஆனா இது அந்த மின்வேலி இல்லை. ஈ.ஈ.ஈ. படிக்கிறவன் என்ற கெத்தில் அப்பாவுக்கு நானே விளக்கினேன். புதைத்த ஒயரில் ஓடுவது வீட்டு கரண்ட் கிடையாது, குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சிக்னல் மட்டும். அந்த ஒயரை மிதித்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. நாய் கழுத்தில் இருக்கும் பட்டைதான் அந்த சிக்னலைக் கேட்கும். நாய் ஒயருக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனால் "பீப்" சத்தம். அதையும் மீறிப் போனால் பட்டையில் இருக்கிற பேட்டரியிலிருந்து கழுத்தில் ஒரு ஷாக். வெள்ளைக் கொடி எல்லாம் முதல் சில வாரம் நாய்க்கு எல்லை எங்கே என்று பழக்குவதற்கு. பழகின பிறகு கொடியைப் பிடுங்கிவிடலாம். எல்லை நாயின் மண்டைக்குள் போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டப்பாவிலிருந்து எல்லை வரைக்கும் ஒயரைக் கொண்டுபோகும்போது, போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடச் சொல்கிறார்கள். எதிரெதிர் திசையில் கரண்ட் ஓடுவதால் ரெண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் மட்டும் வேலி இருக்காது. ஃபீல்ட்ஸ் பேப்பரில் நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதினோமே மக்களே, அதேதான்!

இதைக் கண்டுபிடித்து 1973-ல் காப்புரிமை வாங்கியவர் ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர். அங்கே பல குடியிருப்புகளில் வீட்டு முன்னால் வேலியே கட்டக்கூடாது என்று சங்கத்து விதி இருக்குமாம். புல்வெளி பார்க்க அழகா இருக்கணும், நாயும் ரோட்டுக்குப் போகக்கூடாது. அந்த இடத்துக்கு இது சரியான பொருள்.

எங்க வீட்டில் எங்கே புதைப்பது? சகாய மாதா கோயிலுக்குப் பின்பக்கம் சந்தில் பதினாலு அடி அகல வீடு. வாசப்படியை விட்டுக் காலை எடுத்தால் தெரு. அதோடு சிக்னல் ஒயருக்கு ரெண்டு பக்கமும் சில அடி பரவும். சுவர் ஓரமா ஒயர் போட்டால் மணி நிம்மதியா நிற்க நடு ஹாலில் ஒரு பாய் அளவு இடம்தான் மிஞ்சும்.

அப்போதான் மாமாவின் உண்மையான திட்டம் தெரிந்தது. "இங்க வேணாம். உங்க அத்தை வீட்டுல போடலாம்."

ஸ்ரீரங்கம் மேலூர் பக்கம் அத்தை வீடு. பின்னால் வாழை, தென்னை, இடம் தாராளம், காம்பவுண்ட் கிடையாது. நான் காலேஜுக்குப் போய்விட்டால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மணி சங்கிலியில்தான். மாடிப்படிக்குக் கீழே. அதற்கு அத்தை வீட்டில் சுத்திக்கிட்டு சுதந்திரமா இருக்கட்டுமே என்பது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, என்னைத் தவிர.

அன்னைக்கு ராத்திரி பட்டையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஹாலில் ஒயரை வட்டமாப் போட்டு நடந்து பார்த்தேன். முதல் அளவில் எறும்பு கடித்த மாதிரி. மூன்றாவது அளவில் கையை உதறி, பட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வலி பெரிசில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாததுதான் பெரிசு. எனக்காவது ஒயர் கண்ணுக்கு எதிரே கிடந்தது.

ஆனா என் மனசு ஒப்பாததுக்கு ஷாக் காரணமில்லை. 2022 தீபாவளிதான் காரணம்.

அந்த ராத்திரி தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது மணி சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பாலக்கரை ஸ்டேஷன் பிளாட்ஃபாரம், உய்யக்கொண்டான் கரை, மேலப்புதூர் சப்வே, காந்தி மார்க்கெட் வரைக்கும் தேடினேன். மூன்றாம் நாள் விடியற்காலை அம்மா கோலம் போடக் கதவைத் திறந்தால் வாசலில் படுத்திருக்கிறது. ஒரு காது கிழிந்து, உடம்பெல்லாம் சாக்கடைச் சேறு.

அந்தக் காது எப்படிக் கிழிந்திருக்கும் என்று தெருவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்க தெரு நாய்கள் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிப் போகாது. அந்தப் பக்கத்து நாய்கள் இந்தப் பக்கம் வராது. பாலக்கரை பூராவும் ஒயர் இல்லாமலே வேலி போட்டுத்தான் இருக்கிறது. மணி அதில் எத்தனை வேலியைத் தாண்டி வீட்டுக்கு வந்திருக்கும்! சில இடத்தில் கடி வாங்கியிருக்கும். சில இடத்தில் வாலைக் காலுக்கு நடுவில் இடுக்கி, மல்லாந்து படுத்துக் கெஞ்சியிருக்கும், விட்டிருப்பார்கள். (நாய்களுக்கு 'பார்கள்' போட்டது தெரிந்தேதான்.) ஒயருக்கு வால் தெரியாது. அதனிடம் கெஞ்ச முடியாது.

இதை வைத்துதான் மாமாவிடம் கேட்டேன். "பட்டாசுக்குப் பயந்து ஓடுற நாய் ஷாக்கைப் பார்த்து நிக்குமா மாமா?"

"நிக்காது. வேகத்துல தாண்டிடும்."

"சரி. பயம் தெளிஞ்சு திரும்பி வரும்போது?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார். அவருடைய லாப்ரடார் நாலு வருஷத்தில் ஒரே ஒரு தரம் அணிலைத் துரத்திக்கொண்டு எல்லையைத் தாண்டியதாம். திரும்பி வரத் தைரியம் இல்லாமல் ரோட்டோரத்தில் நின்று வீட்டைப் பார்த்து அழுதிருக்கிறது. இவர் போய்ப் பட்டையைக் கழற்றிக் கூட்டி வந்தாராம்.

போகும்போது பயம் தள்ளிவிடும், ஷாக் உறைக்காது. வரும்போது அந்தத் தள்ளல் இருக்காது. எங்க மணிக்கு அப்படி ஒரு வேலி இருந்திருந்தால் மூன்றாம் நாள் விடியற்காலை அது வாசல் வரைக்கும் வந்திருக்காது. அதோடு இந்த வேலி உள்ளே இருப்பதைத்தான் நிறுத்தும். வெளியிலிருந்து பட்டை இல்லாத நாலு நாய் வந்தால் அதுகளுக்கு அப்படி ஒரு வேலி இருப்பதே தெரியாது. மணி ஓடவும் முடியாது. வேல்ஸ் நாட்டில் 2010-லிருந்து ஷாக் பட்டைக்கே தடை. இங்கே வேலி என்றால் கணக்கே வேறு: 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷனுக்கெல்லாம் வேலி போடச் சொன்னது தெரு நாய் உள்ளே வராமல் இருக்க.

இவ்வளவையும் அம்மாவிடம் வக்கீல் மாதிரி வாதாடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஷாக் வெக்கிறது பாவம்னா, பத்து மணி நேரம் சங்கிலி போடுறது புண்ணியமாடா?"

பதில் இல்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன். 1960-ம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் இது அப்படியே இருக்கிறது. நியாயமில்லாத நேரம் சங்கிலியில் கட்டி வைப்பதும், கட்டியே வைத்த நாயை நடக்கக் கூட்டிப்போகாததும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் சங்கிலியை அவிழ்க்கப் போவதில்லை. நானும் அவிழ்க்கவில்லையே, ஐந்து வருஷமா.

மாமா ஊருக்குப் போவதற்குள் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி வாசப்படிக்கு இடுப்பளவு இரும்பு கிராதிக் கதவு போட்டோம். காசு மாமா கொடுத்தார், முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு. சங்கிலி இப்போது ஆணியில் தொங்குகிறது. காலையில் ஆறு மணிக்கு நான் உய்யக்கொண்டான் கரைக்குக் கூட்டிப்போகிறேன், சாயங்காலம் அப்பா. பகலெல்லாம் மணி கிராதியில் மூக்கை நுழைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிறது, போகிற வருகிற ஆட்டோவையெல்லாம் திட்டுகிறது. தீபாவளி அன்று மட்டும் நான் அதோடு உள் ரூமில் ஃபேனை ஃபுல்லா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு.

ஒயரில் பாதியை அத்தை வாங்கிப்போய் அவரைப் பந்தலுக்குக் கட்டிவிட்டார். கொடிகள் தெருப் பசங்களிடம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு பவுண்டரி லைன் அதுதான். டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் ஃபோர், அதைத் தாண்டினால் சிக்ஸ். பந்து அந்தப் பக்கம் போனால் எடுத்து வர மணியை அனுப்பிப் பார்த்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்று பசங்களைத் திரும்பிப் பார்த்ததாம்.