கழிகளைக் கடந்த ஒரு நாள்

கொங்கண் இருப்புப் பாதை 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின், மும்பையிலிருந்து தெற்கே செல்லும் நம்மவர் பலர் அவ்வழியே ஊருக்குப் போய் வருகின்றனர். சுரங்கத்தின் இருள், சிறிது பசுமை, மீண்டும் இருள். இவ்வளவே அவர்கள் கண்ட கொங்கணம். பாதை உள்நாட்டில் ஓடுவதால் ரத்தினகிரி மாவட்டத்தின் கடற்கரை அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. அக்கரையை மிதிவண்டியில் கண்டுவிடுவதென்று நண்பர் நால்வர் தை மாதத்தில் கோவா நோக்கிப் புறப்பட்டோம். அப்பயணத்தில், ஹரிஹரேசுவரத்திலிருந்து ஹர்ணை சென்ற ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன். தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

மகாபலேசுவர மலையில் பிறக்கும் சாவித்திரி ஆறு ஹரிஹரேசுவரத்தருகே கடலில் கலக்கிறது. அதன் அகன்ற முகத்தை மராத்தியர் ‘காடி’ என்பர். நம் நெய்தல் நிலத்தார் கழி என்றது இதனையே. பாகமாண்டலாத் துறையில் தட்டையான இரும்புப் படகொன்று லாரி, கார், மீன்கூடை, பள்ளிப் பிள்ளைகள் யாவரையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை வேஸ்விக்குச் செல்கிறது. இக்கரையின் கழிகள் மீது பாலங்கள் கட்டும் திட்டம் உண்டு. கட்டட்டும்; நோயாளியை அழைத்துச் செல்வோருக்கு அது பெரும் வரம். மிதிவண்டிக்காரனுக்கு மட்டும் ஓர் ஓய்விடம் குறையும்.

அவ்வோய்வு எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. எங்களில் மூத்தவர், அறுபதைக் கடந்தவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். முந்திய நாளே அவருக்கு முழங்கால் வலி கண்டிருந்தது. படகிலேயே அவர், “தம்பிமாரே, கேள்ஷியில் பஸ் கிடைக்கும். நான் ஊர் திரும்புகிறேன். நீங்கள் மூவரும் போங்கள்” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

தேசப்படத்தில் இச்சாலை கடலோரமாய்ப் போகும் எளிய கோடு. உண்மையில் அது ஓர் ஏணி! இக்கரை நெடுகச் செம்புரைக்கல் மேடுகள். மராத்தியில் ஜாம்பா என்பர். வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் கல் இது. வீடுகளும் தோட்டச் சுவர்களும் இதனாலேயே எழும்புகின்றன. ஆறுகள் இம்மேட்டை அறுத்துக் கடல் சேர்வதால், ஒவ்வொரு நீர்முகத்துக்கும் இறங்கி மறுபடி உச்சிக்கு ஏற வேண்டும். நிழலில்லாத அவ்வேற்றங்களில் அண்ணாச்சி இறங்கி வண்டியைத் தள்ளினார். நாங்களும் இறங்கித் தள்ளினோம். “எனக்காக நடக்காதீர்கள்” என்று கடிந்துகொண்டார். எங்களுக்கும் மூச்சு முட்டியது என்பதை அவர் நம்பவில்லை.

கேள்ஷியில் மகாலட்சுமி கோயிலைத் தரிசித்து, நிழலில் அமர்ந்து கோகம் சர்பத் அருந்தினோம். பஸ் வந்தது, நின்றது, புறப்பட்டது. அண்ணாச்சி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

பிற்பகலில் ஆஞ்சர்லே. குன்றின் மேலுள்ள பிள்ளையார் கோயிலிலிருந்து பார்த்தால் கடல் நடுவே சுவர்ணதுர்க்கம் தெரிகிறது. ஆங்கரேயரின் கடற்படைக்கு அரணாயிருந்த அக்கோட்டையை 1755-இல் ஆங்கிலக் கம்பெனியின் கடற்படைத் தலைவர் வில்லியம் ஜேம்ஸ் கைப்பற்றினார். அவர் இறந்தபின் அவருடைய மனைவி, லண்டனருகே 1784-இல் ஒரு நினைவுக் கோபுரம் எழுப்பி அதற்கு இக்கோட்டையின் பெயரையே சூட்டினார். ஆங்கில நாவில் அது ‘செவர்ண்ட்ரூக்’ ஆயிற்று. நம்மூர்ப் பெயர்கள் அவர்களிடம் பட்ட பாடு நாமறிந்ததே.

ஆஞ்சர்லே கழிக்கு இப்பொழுது பாலம் இருக்கிறது. அதைக் கடந்து பொழுது சாயும் வேளையில் ஹர்ணை சேர்ந்தோம். படகுகள் ஆழத்தில் நிற்க, மாட்டு வண்டிகள் அலைக்குள் இறங்கி மீனைக் கரைக்குக் கொணர்ந்தன. ஈர மணலில் குவியல் குவியலாக ஏலம் நடந்தது. விலை கூறிய பெண்களின் குரல் அலையோசையை மீறி ஒலித்தது. அண்ணாச்சி மிதிவண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, நொண்டி நொண்டி அக்கூட்டத்துள் புகுந்தார். அரை மணி கழித்துத் திரும்பியவர் மீன் வாங்கி வரவில்லை.

“விசாரித்துவிட்டேன். நாளை தாபோள் துறையில் முதல் படகையே பிடித்துவிட வேண்டும், வெயிலுக்கு முன் புறப்படுவோம்” என்றார்.