ஜீரோ கேட்ல நிக்குது பெட்டி!

பர்மா பஜாரில் ஹெட்போனுக்குப் பேரம் பேசியிருப்பீர்கள். செகண்ட் லைன் பீச்சில் நின்றபடியே அத்தோவும் முட்டை மசாலாவும் அமுக்கியிருப்பீர்கள். ஆனால், அந்தக் கடைகளுக்குப் பின்னால் போகும் தெருக்களுக்குள் எத்தனை பேர் நுழைந்திருக்கிறீர்கள்? நான் ரெண்டு மாசம் தினமும் நுழைந்தேன் பாஸ். இன்டர்ன்ஷிப்!

கூடப் படிக்கிற பசங்களுக்கெல்லாம் ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம், ஃபுட் கோர்ட், கழுத்தில் டேக் என்று ஏக அமர்க்களம். எனக்கு வாய்த்தது தம்புச் செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயில் இருக்கிற அதே தெருதான். கோயில் பூ வாசனையைத் தாண்டினால் வரிசையாக போர்டுகள்... கஸ்டம்ஸ் புரோக்கர், ஃபார்வர்டிங், ஷிப்பிங், டிரான்ஸ்போர்ட். கையில் ஃபைல்களோடு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் ஆபீஸுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்கள். ஏணி மாதிரி செங்குத்தாக ஏறும் ஒரு மாடிப்படி. மூன்றாவது மாடியில் எட்டே பேர் இருக்கும் சாஃப்ட்வேர் ஆபீஸ். ஒன்பதாவது ஆள் அடியேன்!

அவர்கள் செய்து வைத்திருந்தது ஒரு வெப் அப்ளிகேஷன். கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரிகள் வைத்திருக்கும் ஒரு கஸ்டமருக்காக. எந்த வண்டி, எந்தப் பெட்டி, யார்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பணும், ஃபார்ம் 13 ரெடியா இல்லையா என்பதையெல்லாம் டிரைவரின் மொபைலில் காட்டும். அதுவரை அது ஆபீஸ் மேஜைக்கு அடியில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் போனால் அதுவும் போச்சு! "இதை டாக்கர் கன்டெய்னர்ல போட்டு, மும்பைல வாடகைக்கு எடுத்திருக்கிற சர்வருக்கு அனுப்பணும். அதுதான் உன் ப்ராஜெக்ட்" என்றார் சீனியர் அக்கா.

ஆக, கன்டெய்னர் லாரிக்கான அப்ளிகேஷனைக் கன்டெய்னரில் ஏற்றும் வேலை. தலை சுத்துதா? எனக்கும் சுத்துச்சு.

அலையைத் தாண்டி வந்த மூட்டை

இன்றைய ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். ஒரு காலத்தில் கடல் இந்தப் பக்கம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய் சரக்கை ஒவ்வொரு மூட்டையாக, பெட்டியாகக் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் படகில் ஆணியே கிடையாதாம்! பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படியும் நனைந்தது, உடைந்தது, காணாமல் போனது எல்லாம் தனிக் கணக்கு. 1875-ல் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் அடித்த புயல் அதையும் பிய்த்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள்.

துறைமுகம் வந்த பிறகும் மூட்டை மூட்டைதான். ஒரு கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க நாள் கணக்கில் ஆகும். இதற்கு முடிவு கட்டியவர் கப்பல்காரர் இல்லை, ஒரு லாரி முதலாளி! அமெரிக்காவின் மால்கம் மெக்லீன். 'மூட்டையை ஏன் தூக்கணும்? லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வெச்சா என்ன?' என்பதுதான் அவர் யோசனை. 1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறையாக ஏற்றினால் டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆன கூலி, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட் ஆனது. நம்ம ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது 1856. சரியாக நூறு வருஷம் கழித்து இன்னொரு பெட்டி வண்டி!

பெட்டி என்னவோ சாதாரண இரும்புதான். ஆனால் அதன் மூலைகள் உலகம் பூராவும் ஒரே மாதிரி. அதனால் எந்த கிரேனும் தூக்கும், எந்த டிரெய்லரும் சுமக்கும். உள்ளே இருப்பது பனியனா, பைக் பார்ட்ஸா என்று கிரேன் கேட்பதே இல்லை.

என் மெஷின்ல ஓடுதே!

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டெமோ அன்றைக்கு எல்லோர் வாயிலும் வரும் டயலாக், "சார், என் மெஷின்ல ஓடுச்சு சார்!" அது பொய் இல்லை. உங்கள் லேப்டாப்பில் பைத்தான் ஒரு வெர்ஷன், லேபில் வேறு வெர்ஷன். ஒரு லைப்ரரி இருக்கும், இன்னொன்று இருக்காது. சர்வருக்குப் போகும்போது ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைப்பதென்றால் அதுவும் மசூலா படகு வேலைதான்.

2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் அஞ்சு நிமிஷ டெமோ ஒன்று காட்டினார். அப்ளிகேஷன், லைப்ரரி, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்த லினக்ஸ் சர்வரிலும் அப்படியே இறக்குவது. பெயர் டாக்கர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. லோகோவும் முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு திமிங்கலம்தான்.

இது தனி கம்ப்யூட்டர் மாதிரி தோன்றும், ஆனால் இல்லை. கப்பலுக்கு இன்ஜின் ஒன்றுதான், பெட்டிகள்தான் பல. அதேபோல சர்வரின் லினக்ஸ் கெர்னலை எல்லா கன்டெய்னர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமுக்கு அடுத்த பெட்டி கண்ணுக்கே தெரியாது. இவ்வளவுதான் மெமரி, இவ்வளவுதான் பிராசஸர் என்று அளவும் வைக்கலாம். இந்த வசதிகள் லினக்ஸில் முன்பே இருந்தவை. டாக்கர் அவற்றுக்கு எல்லோரும் பிடிக்கிற மாதிரி மூலை வைத்துக் கொடுத்தது.

எங்கள் ஆபீஸில் இதைப் புரிய வைக்க அகராதி தேவைப்படவில்லை. டாக்கர்ஃபைல் என்றால் பேக்கிங் லிஸ்ட். இமேஜ் என்றால் அடைத்து சீல் வைத்த பெட்டி. ரெஜிஸ்ட்ரி என்றால் யார்டு. நிஜப் பெட்டியின் கதவில் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். அதில் கடைசி எண், மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒன்றைத் தப்பாக எழுதினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். டாக்கர் இமேஜுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 64 இலக்க அடையாளம் உண்டு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். அப்புறம் 'போர்ட் மேப்பிங்'... துறைமுகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து போர்ட் மேப்பிங் செய்த பெருமை எனக்கு மட்டும்தான்!

ஒரே ஒரு விஷயத்தைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்றார் அக்கா. டேட்டாபேஸ். கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுப் புதுசு வைப்பதுதான் இந்த முறையின் அழகே. உள்ளே டேட்டா இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். அதனால் டேட்டாவுக்கு வெளியே தனி வால்யூம். பாஸ்வேர்டுகளும் பெட்டிக்குள் போகாது. ஓட ஆரம்பிக்கும்போது வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

காசிமேடு பக்கம் ஒரு சாயங்காலம்

டெஸ்ட் சர்வரில் எல்லாம் பச்சை விளக்கு. "யூஸ் பண்ணப்போறவங்க கையில ஒரு தடவை கொடுத்துப் பாத்துட்டு வா" என்று அனுப்பினார் அக்கா. ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் தாண்டி, காசிமேட்டு மீன் வாசனையையும் தாண்டி இறங்கினேன். துறைமுகத்தின் ஜீரோ கேட்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்து யார்டுகளிலிருந்து வந்தவை. வண்டியின் ஓரத்தில் சின்ன ஸ்டவ்வில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புழுதி, நடுவில் சோறு!

எங்கள் கஸ்டமரின் டிரைவர் அண்ணன் ஒருவர், ஐம்பது வயசிருக்கும், மொபைலை வாங்கிப் பார்த்தார்.

"சாயங்காலம் நாலரைன்னு காட்டுது தம்பி. இப்பவே ஆறாச்சே! அப்ப என் நேரம் போச்சா?"

ஆபீஸ் லேப்டாப்பில் அதே வண்டிக்கு ராத்திரி 10 மணி என்று இருந்தது. அக்காவுக்கு போன் போட்டேன். சட்டென்று பிடித்துவிட்டார். கன்டெய்னருக்குள் இருந்த கடிகாரம் நம்ம ஊர் நேரத்தில் இல்லை. ரெடிமேடாக இறக்கும் இமேஜ்கள் பெரும்பாலும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 10 மணி, 4.30 ஆனது அப்படித்தான். சரியாகச் சீல் வைத்த பெட்டி, பத்திரமாக வந்து சேர்ந்த பெட்டி. ஆனால் உள்ளே இருந்த கடிகாரம் வேறு ஊருடையது!

"நேரம் தப்பா வந்தா என்ன ஆகும்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "முன்னாடியே வந்தா ரோட்டுல நிக்கணும். லேட்டா வந்தா கப்பல் போயிரும். எனக்கு ட்ரிப்புக்குத்தான் காசு தம்பி, நிக்கிறதுக்கு இல்ல. இன்னிக்கு ராத்திரி உள்ள போகலைன்னா நாளைக்கு ட்ரிப்பும் போச்சு."

இன்னொன்றும் சொன்னார். "ராத்திரிதான் எங்களுக்குப் பகல். பகல்ல சிட்டிக்குள்ள பெரிய வண்டியை விட மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எங்கள் பிளான்படி டெப்லாய்மென்ட் ராத்திரி 11 மணிக்கு! 'ராத்திரியில யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க' என்பது சாஃப்ட்வேர் ஆபீஸ்களின் வழக்கம். ஜீரோ கேட்டில் அந்த நேரம்தான் பீக் அவர்.

திரும்பும்போது அந்த வரிசையை ஒட்டியே நடந்தேன். பெட்டி வந்ததால் கப்பல் காத்திருப்பது குறைந்தது. ஆனால் காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை. அது கேட்டுக்கு வெளியே, இந்த அண்ணன்களின் தலையில் இறங்கியிருக்கிறது. மூட்டை தூக்கிய கைகளுக்கு வேலையும் குறைந்தது. எங்கள் கதையும் அதேதான். இமேஜ் தயாராக ரெண்டு நிமிஷம், மும்பைக்குப் போக ஒரு நிமிஷம். ஆனால் உள்ளே இருப்பது சரியா என்று பார்க்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பெட்டி செய்யாது. நாம் செய்யாவிட்டால், ரோட்டில் நிற்கிறவர் செய்ய வேண்டியிருக்கும்.

காலை 11 மணி

நேரத்தை யு.டி.சி.யிலேயே சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றும்படி கோடு திருத்தப்பட்டது. எங்கள் இமேஜ் ஆல்பைன் ரகம். ரொம்பச் சின்னது, அதனால் ஊர் ஊருக்கான நேரக் கணக்கு ஃபைல்களே அதில் இல்லை. பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு வரி கூடியது. கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதினோம். 'ராத்திரி 10 மணி வண்டி, 10 மணி என்றே காட்ட வேண்டும்.'

டெப்லாய்மென்ட்டைக் காலை 11 மணிக்கு மாற்றினோம். புது இமேஜை மும்பை சர்வரில் இறக்கி, பழைய கன்டெய்னருக்குப் பக்கத்திலேயே வேறு போர்ட் எண்ணில் ஓடவிட்டோம். டேட்டாபேஸில் ஒரு புது காலம் மட்டும் சேர்த்தோம், எதையும் அழிக்கவில்லை. அப்போதுதான் புதுசு சொதப்பினால் பழையதற்குத் திரும்ப முடியும். ஹெல்த் செக் பதில் சொன்ன பிறகு, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸைப் புதுப் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டோம். பழைய கன்டெய்னரை மறுநாள் வரைக்கும் நிறுத்தவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நல்ல டெப்லாய்மென்ட் என்றால் அதுதானாம்!

இதையெல்லாம் பழக உங்களுக்கும் பெரிய கம்பெனி தேவையில்லை. ஒரு லேப்டாப், லினக்ஸ், டாக்கர் போதும். காலேஜ் ப்ராஜெக்ட்டைப் பெட்டியில் போட்டு, ஃப்ரெண்டின் மெஷினில் இறக்கிப் பாருங்கள். அங்கேயும் ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதிக்கு, அதை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்கள் நிற்கிற இடத்துக்கு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸோ, ரேஷன் கடையோ, பஸ் ஸ்டாண்டோ... எதுவானாலும் சரி.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு எனக்கு ஒரு போன்.

"தம்பி, பத்துன்னு காட்டுது. வண்டியை எடுத்துட்டேன்."