சிறிய சக்கரமும் பெரிய மலையும்

நுழையும்முன்

இமாசலப் பிரதேசத்தின் மணாலியையும் லடாக்கின் லே நகரையும் இணைக்கும் மலைச்சாலை, உயர்ந்த கணவாய்கள் பலவற்றைக் கடந்து செல்வது. அச்சாலையில் மிதிவண்டியில் பயணம் செய்த தில்லித் தமிழர் ஒருவரின் அனுபவமே இக்கட்டுரை.

மலைச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவதற்குக் கால்வலிமையே முதன்மையானது என்று பலரும் எண்ணுவர். கால்வலிமை வேண்டும்தான், ஆனால் அதற்கும் முன்னதாக வேண்டுவது பல்சக்கரக் கணக்கு. முன்னே 44 பற்களும் பின்னே 11 பற்களும் கொண்ட சக்கரங்களில் சங்கிலி ஓடினால், மிதிகட்டையை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் நான்கு முறை சுழலும். வண்டி எட்டு மீட்டருக்கு மேல் முன்னேறும். சமவெளிக்கு இது பொருந்தும். முன்னே 22, பின்னே 34 எனச் சங்கிலியை மாற்றினால், அதே ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது ஒன்றரை மீட்டருக்கும் குறைவே. காலின்மீது விழும் சுமையும் அதற்கேற்பக் குறைந்துவிடும். சுமையேற்றிய வண்டி அப்போது மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர்; அவ்வாறு ஊர்ந்தே மலையும் ஏறப்படுகிறது.

இந்த எளிய உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிரான்சு நாட்டில் ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதிய பால் தெ விவி (1853–1930), மலைகளில் நெடும்பயணம் செய்வோர்க்குப் பல்சக்கர மாற்றம் இன்றியமையாதது என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். தற்பெருமைக்காக மிதிக்கக் கூடாது என்பது அவர் கூறிய அறிவுரைகளுள் ஒன்று. ஆனால் பந்தய உலகமோ, அத்தகைய கருவி வலிமையற்றவர்க்கே உரியது என்று கருதியது. 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்தில், ஓட்டத்தின் நடுவே சங்கிலியை மாற்றும் கருவி 1937ஆம் ஆண்டில்தான் முன்னணி வீரர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அதுவரை அவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, வேறொரு பல்சக்கரத்தில் ஏறினர்.

இதையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் என் அண்ணன். நாங்கள் தில்லியில் வளர்ந்தவர்கள். மணாலியிலிருந்து லேவுக்கு மிதிவண்டியில் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. ஏறத்தாழ 475 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும். ரோத்தாங் தொடங்கி தங்லங் லா வரை ஐந்து பெரிய கணவாய்கள். ‘லா’ என்பது லடாக்கிய மொழியில் கணவாயைக் குறிக்கும் சொல். தங்லங் லாவின் உயரம் ஏறத்தாழ 5,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வாறே பாதியாகிவிடும். அண்ணன் இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தார். அலுவலகத்தில் போராடிப் பதினாறு நாள் விடுப்பும் பெற்றார்.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் கூறும் நெறி. ரோத்தாங்கைக் கடந்தபின் நாங்கள் அந்நெறிப்படியே ஜிஸ்பா, தார்ச்சா, பட்சியோ எனத் தங்கித் தங்கி ஏறினோம். பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளை முற்பகலிலேயே கடந்தோம். வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால், காலையில் கணுக்காலளவு ஓடும் நீர் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் பெருகிவிடும். வழியில் சாலைப்பணியாளர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தனர். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் முதியவர் ஒருவர், “எந்த ஊர்?” என்று இந்தியில் வினவினார். அண்ணன், “தில்லி” என்றார். சற்று நின்று, “சொந்த ஊர் தமிழ்நாடு” என்றார். முதியவர் சிரித்து, “அப்படியென்றால் நீங்களும் எங்களைப் போலத்தான்” என்று கூறித் தம் தேநீரைப் பகிர்ந்தளித்தார்.

ஜிங்ஜிங்பார் என்னும் இடத்தை அடைந்தபோது மாலை நான்கு மணி. உயரம் ஏறத்தாழ 4,270 மீட்டர். நெறி தவறாமல் ஏறுவோரையும் உயரநோய் சிலவேளை தாக்கும். அன்று அது அண்ணனைத் தாக்கியது. தலைவலி என்றார், உணவை ஒதுக்கினார், பிறகு வாந்தியெடுத்தார். “ஓர் இரவு உறங்கினால் சரியாகிவிடும். நாளை பரலாச்சா லா. இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே” என்றார். அவர் பேச்சில் குழறல் தெரிந்தது.

கூடாரக்கடை நடத்திய லாகௌல் நாட்டு அம்மையார் அவரைக் கூர்ந்து நோக்கினார். “இவரை நடக்கச் சொல்” என்றார் என்னிடம். ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் பெருவிரலை ஒட்டி வைத்து, நேர்க்கோட்டில் நடந்து காட்டுமாறு அண்ணனை வேண்டினேன். மூன்றாம் அடியிலேயே தடுமாறினார். ஐந்தாம் அடியில் நான் தாங்கிப் பிடித்தேன். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி அது. அந்நிலையில் உறங்கச் செல்வோர் விழிக்காமலே போகக்கூடும். உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து.

“அண்ணா, இப்போதே இறங்குகிறோம்” என்றேன்.

“நீயாவது மேலே போ” என்றார்.

நான் விடை கூறவில்லை. மணாலி நோக்கிச் சென்ற சரக்குந்து ஒன்றைக் கடைக்கார அம்மையார் கைகாட்டி நிறுத்தினார். வண்டிகளை மேலே கட்டி, அண்ணனை ஓட்டுநரின் அருகில் அமர்த்தினோம். மூன்று நாட்கள் மிதித்து ஏறிய உயரத்தைச் சில மணிநேரத்தில் இறங்கினோம். கீலாங் மருத்துவமனையில் அவருக்கு உயிர்வளி அளித்தனர். மறுநாள் காலை தெளிவாகப் பேசினார். ஆயினும் இம்முறை மீண்டும் ஏறக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். தில்லி வரும்வரை அண்ணன் அதிகம் பேசவில்லை. எனக்கோ, அவர் அருகில் அமர்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டு, மருத்துவரின் ஒப்புதலோடு மீண்டும் புறப்பட்டோம். இம்முறை இருபது நாட்கள். அண்ணன் தம் வண்டியின் பின்சக்கரத்தில் 34 பற்களுக்கு மாற்றாக 36 பற்கள் கொண்ட பல்சக்கரத்தைப் பொருத்தினார். “இன்னும் மெதுவாகப் போகலாம்” என்றார். ஜிங்ஜிங்பாருக்கு முன் ஒருநாள் கூடுதலாகத் தங்கினோம். பரலாச்சா லாவைக் கடந்து, காட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டையூசி வளைவுகளில் ஏறினோம். ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணிக்கொண்டே மிதித்தோம். எண்ணிக்கையில் தடுமாற்றம் உண்டா என்று ஒருவரையொருவர் கவனிக்கவும் அது உதவியது. நக்கி லா, லாச்சுங் லா ஆகியவற்றையும் கடந்து, மோரே சமவெளியின் எதிர்க்காற்றில் ஒருநாள் முழுதும் போராடினோம்.

தங்லங் லாவின் உச்சியை நான் முதலில் அடைந்தேன். அண்ணன் வர இருபது நிமிடங்கள் ஆயின. வழிபாட்டுக் கொடிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவர் வண்டியைச் சாய்த்து வைத்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு ஒன்றும் கூறாமல், குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, நேர்க்கோட்டில் பத்து அடி நடந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

“மிகச் சரி, அண்ணா” என்றேன்.

சிந்தித்து எழுதுக

1. முன்னே உள்ள சிறிய பல்சக்கரம் மலையேற்றத்தை எளிதாக்குவது எவ்வாறு?
2. “நீயாவது மேலே போ” என்று அண்ணன் கூறியபோது கட்டுரையாளர் விடை கூறாதது ஏன்? உம் கருத்தை எழுதுக.
3. முதியவர் “நீங்களும் எங்களைப் போலத்தான்” என்று கூறியதன் பொருளை, உம் குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்த அனுபவத்தோடு ஒப்பிட்டு எழுதுக.