படப்பை டு சேலம்: ஃப்ளைட்டில் ஒரு மணி நேரம்தான்... ஆனால் வீட்டிலிருந்து?

ராத்திரி பத்து மணிக்கு போன். சேலத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். படப்பையில் குடியிருக்கும் மகன் உடனே செல்போனில் தேடுகிறார்: 'சென்னை டு சேலம் ஃப்ளைட் எவ்வளவு நேரம்?' ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்க வந்து இங்கே வீடு பிடித்த வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பதற்றம் நன்றாகவே தெரியும்.

திரையில் வரும் பதில், சுமார் ஒரு மணி நேரம். அது பொய்யில்லை. மீனம்பாக்கத்துக்கும் சேலம் விமான நிலையத்துக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 265 கி.மீ. இந்த ரூட்டில் பறப்பது காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். ரக விமானம், உயரே போனால் மணிக்கு 500 கி.மீ. வரை வேகம் எடுக்கும். வெறும் கணக்குப்படி அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ரன்வே வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தைத்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. படப்பையிலிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், தாம்பரம் வழியாக ஏர்போர்ட்டுக்குச் சுமார் 25 கி.மீ. காலை நேரத்தில் தாம்பரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, ஒரு மணி நேரமாவது வேண்டும். ஃப்ளைட் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே இருப்பது நல்லது. சேலத்தில் இறங்கினால் அது சேலம் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரம். டவுனுக்குள் போக அரை மணிக்கு மேல். மொத்தம் நாலரை மணி நேரம்!

சரி, காரில்? தாம்பரம் பக்கமே திரும்ப வேண்டாம். நேராக ஒரகடம், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், பிறகு செங்கல்பட்டு, உளுந்தூர்பேட்டை. 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். டீக்கு நிறுத்தினாலும் ஐந்தரை மணி நேரம். பஸ் என்றால் கிளாம்பாக்கம் போய் ஏற வேண்டும், எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, விமானத்தில் மிச்சமாவது ஒரு மணி நேரம். அதுவும் பகலில், டிக்கெட் கிடைத்தால்! சேலம் ஃப்ளைட் பஸ் மாதிரி அரை மணிக்கு ஒன்று கிடையாது. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் ட்ரூஜெட் தொடங்கிய சேவை சில வருடங்களில் நின்றுபோனது. 2023 அக்டோபரில்தான் இண்டிகோ மறுபடி ஆரம்பித்தது.

இதே போன் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தால் கதை வேறு. சாலையில் சுமார் 600 கி.மீ., ராத்திரி முழுக்க பஸ். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். முன்னும் பின்னும் எவ்வளவு கூட்டினாலும் பாதிப் பொழுது மிச்சம்.

பரந்தூரில் புது ஏர்போர்ட் வந்தால் படப்பைக்காரர்கள் தாம்பரம் நெரிசலில் மாட்டாமல் மேற்கே போகலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2022-ல் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராடிவருகிறார்கள் என்பதையும் அந்தப் பேச்சோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த மகன்? பத்தரைக்கு காரை எடுத்தால் விடியற்காலை நாலு மணிக்கு அம்மா பக்கத்தில் இருக்கலாம். மறுநாள் ஃப்ளைட்டுக்கு அப்போது கவுன்டர்கூட திறந்திருக்காது. தனியாக ஓட்டாமல், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போனால் சரி.