தட்டில் கரைந்த நார்

ஜப்பானியரின் நாட்டோ, அவித்த சோயாவைப் புளிக்கவைத்த உணவு. இழையிழையாய் நூல்விடும், மணமோ கருவாட்டுக்குப் பழகிய மூக்கையும் சோதிக்கும்! 1980இல் சிகாகோவில் ஹிரோயுகி சுமி அதனைக் கண்ணாடித் தட்டிலிருந்த ஃபைப்ரின் மீது இட்டார். குருதியை உறையச்செய்யும் அந்நார் கரைந்தது. கரைத்த நொதிக்கு நாட்டோகைனேஸ் என்று பெயரிட்டனர்.

தட்டு வேறு, தமனி வேறு. 2021இல் வெளியான ஆய்வில் 265 பேர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இந்நொதியையோ வெற்று மாத்திரையையோ உட்கொண்டனர். தமனிச்சுவர் தடிப்பதில் வேறுபாடு காணப்படவில்லை.

வார்ஃபரின் உண்ணும் என் தந்தைக்கு உறவினர் ஒருவர் இதில் ஒரு புட்டி அன்போடு வாங்கிவந்தார். நாட்டோ உணவிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வலுவைக் குறைக்கும். பிரித்தெடுத்த நொதியோ குருதிக்கசிவைக் கூட்டக்கூடும். மருத்துவரைக் கேளாமல் திறக்கலாகாது என்றேன். உறவினரின் முகம் வாடிற்று. புட்டி அலமாரியில் இருக்கிறது, முத்திரை உடையாமல்.