‘அப்டேட் நவ்’ அமுக்கின ராத்திரி!

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். இந்த நிமிஷம் உங்க கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சுன்னா, எதை நினைச்சு அழுவீங்க? போட்டோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ரெஸ்யூம், டூர் வீடியோ... இப்படித்தானே லிஸ்ட் போடறீங்க? நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், அந்த வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும். அன்றைக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல்கூட போகவில்லை. ஆனாலும் நான் அழாத குறை!

நமக்கு ஊர் திருப்பூர். பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்டிங் போட்டுக் கொடுக்கும் ஒரு யூனிட்டில், டிசைன் ரூம்தான் என் இடம். நீங்க போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் ஒரு புலி உறுமுகிறதா? அந்தப் புலியைக் கலர் கலராகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் எடுத்துக் கொடுப்பது எங்க வேலை. ‘செப்பரேஷன்’ என்போம். கேட்க ஈஸி. செய்தால் தெரியும்.

என்ன கஷ்டம் என்கிறீர்களா? பேப்பரில் வரும் போட்டோவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். டி-ஷர்ட் பிரிண்ட்டும் அப்படித்தான். ஆனால் பனியன் துணி மையைக் குடிக்கும். புள்ளி ஊதிப் பெருத்துவிடும். கம்ப்யூட்டரில் 50 சதவீதம் என்று வைத்த ஷேடு, எங்க டேபிளில் துணியில் ஏறும்போது 70 சதவீதம் போலத் தெரியும். ‘டாட் கெயின்’ என்று இதற்குப் பெயர். இதைக் கண்டுகொள்ளாமல் ஃபிலிம் எடுத்தால், ராஜநடை போடவேண்டிய புலி கரிச்சட்டிக்குள் விழுந்த பூனையாகிவிடும்!

அதனால் முன்கூட்டியே புள்ளியைக் குறைத்து வைக்கவேண்டும். எவ்வளவு குறைப்பது? அது புத்தகத்தில் கிடைக்காது. துணியின் கனம், ஸ்கிரீனின் மெஷ், மை, தேய்க்கிற கையின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்த அண்ணன், வேஸ்ட் கட்பீஸில் அடித்து அடித்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருந்தார். சிங்கிள் ஜெர்சிக்கு ஒரு கர்வ், இன்டர்லாக்குக்கு ஒன்று, ஃப்ளீஸுக்கு ஒன்று, கறுப்புத் துணி என்றால் தனி... மொத்தம் பதினோரு கர்வ். பையர்கள் கேட்கும் கலர்களுக்கு ஒரு பெரிய பேலட். எஃப் 2 தட்டினால் அடிவெள்ளை தானாக ரெடியாகிற மாதிரி ஷார்ட்கட். பத்து வருஷ உழைப்பு. அத்தனையும் அந்த சாஃப்ட்வேரின் ‘செட்டிங்ஸ்’ ஆக உட்கார்ந்திருந்தது.

எட்டு மாதம் முன்னால் அண்ணன் வேலையை விட்டுக் கிளம்பினார், பல்லடம் பக்கம் சொந்தமாக சின்ன டேபிள் போடுவதற்காக. கடைசி நாள், “தம்பி, இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோ சாமி” என்றார். நான் பெரிய இவனாட்டம், “எதுக்குங்ணா? அதான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்குதே!” என்றேன்.

சொன்னேனா? சொன்னேன். அனுபவித்தேனா? அதுக்குத்தானே வர்றேன்!

ஒரு டீ, ஒரு போண்டா, ஒரு அப்டேட்

அந்த சாஃப்ட்வேர் தினமும் ‘அப்டேட் பண்ணலாமா?’ என்று கெஞ்சும். நான் ‘அப்புறம்’ அமுக்கிவிடுவேன். அந்த வியாழன் சாயங்காலம் வேலை கொஞ்சம் லேசு. சரி, தொல்லை ஒழியட்டும் என்று ‘அப்டேட் நவ்’ தட்டிவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் ஸ்கிரீன் புது மாப்பிள்ளை மாதிரி பளபள! புது வெர்ஷனுக்கு நல்வரவு சொன்னது. சந்தோஷமாகப் புலியைத் திறந்து எஃப் 2 தட்டினேன். அடிவெள்ளை வரவில்லை. ‘உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று ஹெல்ப் பக்கம் வந்தது. பேலட்டைப் பார்த்தால், கடையில் வாங்கினபோது இருந்த அதே சிவப்பு, பச்சை, நீலம். கர்வ் லிஸ்ட் காலி. துடைத்து வைத்த சட்டி மாதிரி காலி!

வேறொரு நாளாக இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை 11 மணிக்கு ஸ்ட்ரைக்-ஆஃப் கொடுக்கவேண்டும். அதாவது பையர் பார்த்து ஓ.கே. சொல்கிற சாம்பிள் பிரிண்ட். போன சீசனில் அனுப்பின அதே புலி, இப்போது குழந்தைகள் சைஸில். எட்டுக் கலர். ஷேடு பழசோடு அச்சு அசலாக ஒத்துப் போகணும். பழைய ஃபிலிமையே வைத்து அடிக்கலாமே என்றால் சைஸ் வேறு. சைஸ் மாறினால் புதிதாகத்தான் ஃபிலிம் எடுக்கவேண்டும். கர்வோ ஃபைலுக்குள் இருக்காது, ஃபிலிம் எடுக்கும்போதுதான் மேலே ஏறும். ஃபைல் பத்திரமாக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிட்டேன். “மாப்ள, மொத்தத்தையும் அன்-இன்ஸ்டால் பண்ணிட்டு பழசைப் போடுடா” என்றான். கை மவுஸ் வரைக்கும் போய்விட்டது. நல்லவேளை, பயத்தில் நின்றேன். ராத்திரி ஒன்பதரைக்கு, எட்டு மாதமாக ஒரு போன்கூடப் பண்ணாத வெட்கத்தோடு, அண்ணன் நம்பரை அமுக்கினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “போச்சாது உடு தம்பி. மொதல்ல எதையும் தொடாத. அழிக்காத, மறுபடி இன்ஸ்டால் பண்ணாத. சொல்றதை மட்டும் செய்.”

ஒளிந்திருந்த ஃபோல்டர்

விண்டோஸில் ஒவ்வொரு யூசர் பெயருக்குக் கீழேயும் ‘ஆப்டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. சாதாரணமாகக் கண்ணில் படாது. ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ டிக் பண்ணினால்தான் தெரியும். பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் உங்க பழக்கவழக்கத்தை எல்லாம் இங்கேதான் ஒளித்து வைக்கின்றன. பல சாஃப்ட்வேர்கள் புது வெர்ஷன் வந்ததும் புது நம்பரில் புது ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். பழைய நம்பர் ஃபோல்டர் பக்கத்திலேயே அநாதையாகக் கிடக்கும்.

கிடந்தது! “தொறந்து பார்க்கறதுக்கு முன்னாடி அப்படியே பென் டிரைவ்ல காப்பி போடு” என்றார். போட்டேன். பிறகு பேலட்டையும் ஷார்ட்கட்டையும் புது வெர்ஷனில் ஏற்றினேன். ஏறியது. எஃப் 2 தட்டினால் அடிவெள்ளை! விசில் அடிக்கலாம் போல இருந்தது.

ஆனால் கர்வ்? அதைக் காணோம். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அது என்ற தப்பு தம்பி. கர்வை மட்டும் சாஃப்ட்வேரோட சொந்த ஃபோல்டருக்குள்ள போட்டு வெச்சேன். அப்டேட் அதை அழிச்சிட்டுத்தான் புதுசு போட்டிருக்கும்.” எனக்கு நாக்கு வறண்டது. “சரி, ரேக்குல பழைய புலி ஃபிலிம் இருக்குதா?”

இருந்தது. அதன் ஓரத்தில் மார்க்கர் பேனாவில் அண்ணன் கையெழுத்து: ‘55 எல்.பி.ஐ., 22.5 டிகிரி’. பக்கத்தில் பத்துக் கட்டம் போட்ட ஒரு சின்னப் பட்டை. 10 சதவீதம், 20, 30 என்று நூறு வரைக்கும். எத்தனையோ தடவை ‘இதெல்லாம் எதுக்கு வெட்டியா?’ என்று நினைத்த பட்டை அது. கர்வ் ஏறின பிறகு ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு குறைந்தது என்பது அந்தப் பட்டையில் அப்படியே பதிவாகியிருந்தது!

ஃபிலிமுக்குப் பின்னால் வெள்ளைப் பேப்பர் வைத்து ஸ்கேன் பண்ணி, கட்டம் கட்டமாக செலக்ட் செய்து, ஹிஸ்டோகிராமில் சராசரி பார்த்தேன். முழு வெள்ளை 255, முழுக் கறுப்பு 0. நடுவில் வரும் நம்பரை வைத்துக் கறுப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடலாம். 50 என்று வைத்த கட்டத்தில் 32தான் இருந்தது. பத்துக் கட்டம், பத்து நம்பர், ஒரு கர்வ். ராத்திரி ரெண்டே காலுக்கு முடித்தேன். துல்லியம் என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே.

காலையில் டேபிளில் அடித்துப் பழசோடு வைத்துப் பார்த்தோம். வால் மட்டும் கொஞ்சம் கறுப்பு. அந்த ஒரு கலரில் மூன்று சதவீதம் குறைத்து மறுபடி அடித்தோம். ஸ்ட்ரைக்-ஆஃப் ஓ.கே. நான் கம்பெனி பெஞ்சிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

பெரிய இடத்துக் கதைகள்

‘உனக்கு விவரம் பத்தலை, மாட்டிக்கிட்டே’ என்கிறீர்களா? 2018 அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் விட்டது. சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்களே காணாமல் போயின. அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தவர்களுடைய பழைய இடத்தை, ‘இது தேவையில்லாத டூப்ளிகேட்’ என்று நினைத்து, உள்ளே ஃபைல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அழித்துவிட்டது. பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி ஆனதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த ஒருத்தர் நாமாக இருந்தால்? நாலே நாளில் அப்டேட்டை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் மறுபடி விட்டார்கள்.

அதற்கும் இருபது வருஷம் முன்னால், 1998-இல், ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை எடுத்துக்கொண்டிருந்த பிக்ஸாரில் யாரோ ஒரு தப்பான கமாண்ட் தட்டியதில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருந்தது. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை! கைக்குழந்தையைக் கவனிக்க வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்ததால் படம் பிழைத்தது. பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். அதைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது மீதி.

இன்றைக்கே செய்யுங்க!

* எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் ‘எக்ஸ்போர்ட்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள். போட்டோஷாப்பில் ‘எடிட்’ மெனுவில் ‘ப்ரீசெட்ஸ்’ இருக்கிறது. பிரவுசரில் புக்மார்க்கைத் தனி ஃபைலாக எடுக்கலாம்.

* எக்ஸ்போர்ட் வசதி இல்லையா? சாஃப்ட்வேரை மூடிவிட்டு, ஆப்டேட்டாவில் அதன் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். தேதி போட்டு வையுங்கள்.

* முக்கியமான செட்டிங்ஸ் பக்கத்தை செல்போனில் ஒரு போட்டோ. பத்து செகண்ட் வேலை!

* விண்டோஸே பெரிதாக மாறிக் குழப்பினால், சாதாரணமாக 10 நாளைக்குள் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி உண்டு. அதற்கு மேல் பழைய ஃபோல்டரை அதுவே அழித்துவிடும்.

* மூன்று காப்பி, இரண்டு விதமான இடம், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. பீட்டர் க்ரோ என்ற போட்டோகிராபர் பிரபலமாக்கின ‘3-2-1’ கணக்கு இது.

* நாளைக்கு டெட்லைன் என்றால், இன்றைக்கு அப்டேட் வேண்டாம். அதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப் போடவும் வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான்.

* போய்விட்டதா? கையைக் கட்டி உட்காருங்கள். முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்.

மூன்றாவது காலம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் துணி, இன்னொரு காலத்தில் நம்பர் என்று கோடு போட்டிருந்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, மேலே ‘ஏன்’ என்று எழுதினார்.

அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கதை வந்தது. 50, 32 ஆனது ஒரு மழைக்கால ராத்திரி, நானூறு பீஸ் ரிஜெக்ட் ஆன பிறகு. ஃப்ளீஸ் கர்வ், சம்பளத்தில் பிடித்தம் ஆன மாசம் கண்டுபிடித்தது. கறுப்புத் துணிக்கானது, மகள் பிறந்த வாரம், மூன்று நாள் கண் முழித்து எடுத்தது. நான் ‘செட்டிங்ஸ்’ என்று நினைத்திருந்தது ஒரு மனுஷனுடைய பத்து வருஷத் தப்புகள்!

“நம்பரைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வெச்சுக்கும் தம்பி. அது ஏன் அந்த நம்பருன்னு நீதான் வெச்சுக்கோணும். துணி மாறும், மை மாறும். ஏன்னு தெரிஞ்சா நீயே புது நம்பர் போட்டுக்குவே” என்றார்.

உங்க ஆபீஸிலும், லேப்பிலும், அப்பாவின் கடையிலும் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. அவங்க கிளம்புற நாளைக்குக் கேக் வெட்டுங்க, குரூப் போட்டோ எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நோட்டோட போய்ப் பக்கத்துல உட்காருங்க.

நோட்டு இப்போ என் டேபிள் டிராயரில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒரு காப்பி. இன்னொரு காப்பி?

பல்லடத்தில், அண்ணனிடம்!