300 நிமிடமும் ஒரு பொடியனும்

பி.காம். படிக்கும்போது காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் அடிக்கடி சொல்வார்: “எது பற்றாக்குறையோ அதை வெச்சுத்தான்டா பிளானே போடணும்!” மெஷின் நேரமோ, மூலப்பொருளோ... எது குறைச்சலோ அதுதான் ராஜா. ஐஸ் ஹாக்கியில் அந்த ராஜா, நிமிடம்.

நம்ம எழும்பூர் ஸ்டேடிய ஹாக்கி இல்லை இது. வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீகில், பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. மேட்ச் 60 நிமிடம். கோல்கீப்பர் நீங்கலாக களத்தில் ஐந்து பேர். ஆக, பங்கு போட 300 நிமிடம். வாய் பார்த்துக் காத்திருப்பவர்கள் 18 பேர். சமமாகப் பிரித்தால் தலைக்குப் பதினாறரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். எந்தக் கோச் சமமாகப் பிரிக்கிறார்? நட்சத்திரங்களுக்கு இருபதைத் தாண்டும். அந்த உபரி, கடைசி வரிசைப் பொடியனின் தட்டிலிருந்து எடுத்ததுதான்.

அதையும் மொத்தமாகத் தர மாட்டார்கள். முக்கால் நிமிடம் பறந்து பறந்து ஆடிவிட்டு, மூச்சிரைக்க பெஞ்சுக்குத் திரும்பி, அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கணும். ஒரு கோல் முன்னிலை, கடைசி பத்து நிமிடம் என்றால் அழைப்பே வராது. பையன் சொதப்பினால் வேலை போவது கோச்சுக்கு! சில கோச்கள் தந்திரம் செய்வார்கள். சொந்த ஊர் மேட்ச்சில், எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்த பிறகு ஆள் மாற்றலாம். எதிரே சுமாரான ஆட்கள் வரும் நேரம் பார்த்துப் பையனை இறக்கிவிடுவார்கள்.

கோச்சின் கணக்கு இன்று ராத்திரியோடு முடிகிறது. கிளப்பின் கணக்கு ஐந்து வருடத்துக்கு. இரண்டையும் ஒரே லெட்ஜரில் எழுதினால் எப்படி டேலி ஆகும்?

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் மாதக்கணக்கில் எழுதியது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ மட்டும்தான். “நல்லா எழுதிக் காட்டு, பெரிய மேட்டர் தர்றேன்” என்பார் சீஃப். ‘மாலை 6 மணிக்கு ஆன்மிகச் சொற்பொழிவு’ - இதில் எதை சார் நல்லா எழுதிக் காட்டுவது?

ஷேன் ரைட் நிலைமையும் அதுதான். 2022 டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் போவார் என்று பலரும் எதிர்பார்த்த கனடாக்காரர். நாலாவதாகத்தான் சியாட்டில் எடுத்தது. அப்போது வயது 18. பெஞ்சிலும் இடமில்லாமல், கோட்டு சூட்டோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மேட்ச்சுகளே அதிகம். இறங்கினாலும் பத்து நிமிடம் தேறுவது கஷ்டம். உடற்தகுதியைக் காரணம் காட்டி கொஞ்ச நாள் கீழ் லீகுக்கு அனுப்பினார்கள். ஐந்து மேட்ச்சில் நாலு கோல்! திரும்பி வந்ததும் டிசம்பரில் என்.ஹெச்.எல்.லில் முதல் கோல். யாருக்கு எதிராகத் தெரியுமா? டிராஃப்ட்டில் இவரை வேண்டாமென்று விட்ட மான்ட்ரியலுக்கு எதிராக.

ஆனாலும் எட்டு மேட்ச்சோடு ஜூனியர் லீகுக்கு மூட்டை கட்டினார்கள். அந்த வயதில் பத்தாவது மேட்ச் ஆடினால் ஒப்பந்தத்தின் முதல் வருடம் செலவுக் கணக்கில் ஏறிவிடும். ஒன்பதுக்குள் நிறுத்தினால் ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கீழ் லீகிலேயே விட்டுவைக்கலாமே என்றால், கனடா ஜூனியரிலிருந்து வந்த அந்த வயதுப் பையன்களை முழு சீசனுக்கு அங்கே அனுப்ப அப்போது விதி இடம் தரவில்லை. என்.ஹெச்.எல்.லில் எட்டு நிமிடம், அல்லது தன் வயசுப் பையன்களோடு இருபது நிமிடம். என்னைக் கேட்டால் இருபதுதான். 2024-25 சீசனில் ரைட் 19 கோல் போட்டார்.

மான்ட்ரியல் முதல் ஆளாக எடுத்த ஸ்லோவாகியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கதை வேறு. முதல் சீசனில் அவருக்குச் சுமார் பன்னிரண்டு நிமிடம்தான். 39 மேட்ச்சில் நாலே கோல். காயத்தோடு வீட்டுக்குப் போனார். ‘தப்பான ஆளை எடுத்துட்டாங்க’ என்று ஊரே பேசியது. கோச் மார்ட்டின் சான் லூயி, தன் காலத்தில் குள்ளம் என்று எந்த கிளப்பும் டிராஃப்ட்டில் எடுக்காத ஆள். 2004ல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவரும் அவரேதான்! அடுத்த சீசனில் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை அணியின் இரண்டு பெரிய தலைகளோடு முதல் வரிசையில் போட்டார். கோல் உடனே வந்துவிடவில்லை. ஆனாலும் இறக்கிக்கொண்டே இருந்தார். சீசன் முடிவில் 20 கோல்.

2024 ஜூலையில் மான்ட்ரியல் அவரோடு எட்டு வருட ஒப்பந்தம் போட்டது. 6 கோடியே 8 லட்சம் டாலர்!